ஆடிக் காற்றில் களை மருந்து

பொதுக்காலம் 16ஆம் ஞாயிறு மறையுரை



ஆடி பிறந்து சில நாள்தான் ஆகிறது. அதற்குள் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நம் பக்கம் வந்துவிட்டது. பல்லடத்திலிருந்து உடுமலை வரைக்கும், அந்தப் பக்கம் தாராபுரம் வரைக்கும் காற்றாலைகள் இரவு பகலாகச் சுற்றுகின்றன. கோயில் வாசலில் போட்ட தகரக் கொட்டகை நேற்று ராத்திரி அடித்துக்கொண்ட சத்தத்தில் எனக்குத் தூக்கம் இல்லை. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொன்ன அதே பெரியவர்கள்தான் ஆடிப் பட்டம் தேடி விதை என்றும் சொல்லிவைத்தார்கள். காற்றும் விதைப்பும் ஒன்றாக வருகிற மாதம் இது. விதைப்பு வந்தால் பின்னாலேயே களை வரும். களைகளைப் பற்றிய உவமையைத்தான் இன்று நற்செய்தியில் கேட்டோம். உரோமையில் உட்கார்ந்து வாசக அட்டவணை போட்டவர்களுக்கு ஆடிப் பட்டம் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் மூன்றாண்டுக்கு ஒருமுறை இந்த நற்செய்தி சரியாக ஆடித் தொடக்கத்தில் நம்மிடம் வந்து சேர்ந்துவிடுகிறது.

இன்றைக்குக் களை மருந்தைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். மருந்துக் கடைச் சமாச்சாரம் பலிபீடத்துக்குப் பக்கத்தில் எதற்கு என்று நினைக்காதீர்கள். இதில் ஒரு குடும்பத்தின் கண்ணீர் இருக்கிறது. ஒரு குடும்பம் என்று சொன்னாலும், சுற்றுவட்டாரத்தில் பல பேர் வந்து சொன்னதைச் சேர்த்துத்தான் சொல்கிறேன். யார், எந்த ஊர் என்று தேட வேண்டாம்.

ஒரு ஏக்கர் தோட்டம். பப்பாளி, கொய்யா, கொஞ்சம் எலுமிச்சை, கிணற்று மேட்டில் இரண்டு சப்போட்டா, வேலியோரம் முருங்கை. கிளுவை வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்துக் காட்டுக்காரரின் மக்காச்சோளம். முழங்கால் உயரம் வந்த பயிருக்கு நடுவே களை மண்டிக் கிடந்தது. அவர் கடைக்குப் போய் 2,4-டி மருந்து வாங்கிவந்து, டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு ஒரு மத்தியானத்தில் அடித்து முடித்தார். காற்று மேற்கிலிருந்து வீசியது. தோட்டம் கிழக்கே இருந்தது. இரண்டு மூன்று நாளில் பப்பாளியின் கொழுந்து முறுக்கிக்கொண்டது. அகலமாக விரிய வேண்டிய இலை நார் நாராகச் சுருங்கியது. கொய்யாவின் நுனிகள் வளைந்தன, பூ உதிர்ந்தது. முருங்கை நுனி தலையைத் தொங்கப் போட்டுவிட்டது. மக்காச்சோளம் மட்டும் ஒன்றும் நடக்காததுபோல நின்றது.

இந்த மருந்தின் வேலை அப்படி. புல் இனத்துப் பயிரை, அதாவது சோளம், மக்காச்சோளம், நெல் போன்றவற்றை, பெரும்பாலும் விட்டுவிடும். அகன்ற இலை உள்ளதைப் பிடித்துக்கொள்ளும். செடிக்குள் இயல்பாக ஊறுகிற வளர்ச்சிச் சுரப்பைப் போலவே இது நடிக்கிறது. செடி அதை நம்பி அளவில்லாமல், ஒழுங்கில்லாமல் வளர்ந்து, தன் தண்டையே முறுக்கிக்கொண்டு சாகிறது. வேலிக்கு இந்தப் பக்கம் நிற்பது களையா, பத்து வருஷம் தண்ணீர் ஊற்றி வளர்த்த கொய்யாவா என்று அதற்குத் தெரியாது. பப்பாளி, திராட்சை, பருத்தி, தக்காளி எல்லாம் இதன் வாசனை பட்டாலே தாங்காதவை. எஸ்டர் என்கிற வகை மருந்தாக இருந்துவிட்டால், அடித்து முடித்து வீட்டுக்குப் போன பிறகும் வெயிலில் ஆவியாகி எழுந்து நகரும். பனியன் கம்பெனியில் வேலை பார்ப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கட்டிங் டேபிளில் பறக்கிற பஞ்சுத் தூசி அந்த டேபிளோடா நிற்கிறது? செக்கிங் செய்கிறவரின் தலைமுடியிலும், மூடிவைத்த சாப்பாட்டுப் பாத்திரத்திலும், வீட்டில் தூங்கும் குழந்தையின் போர்வையிலும் அல்லவா போய் உட்காருகிறது?

மருந்து அடித்தவரையும் பார்த்தேன். அவர் என்னிடம் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்: “நான் என்ர காட்டுலதானுங்க சாமி அடிச்சேன்.” பொய் சொல்லவில்லை. அவர் கால் வேலியைத் தாண்டவில்லை. நாசில் அந்தப் பக்கம் திரும்பவில்லை. மனத்தில் கெட்ட எண்ணமும் இல்லை. ஆனாலும் கொய்யா கருகியது. அன்பானவர்களே, உங்களையும் என்னையும் நான் கேட்கிற கேள்வி இதுதான். என் காடு எங்கே முடிகிறது? பட்டாவில் போட்ட கோட்டிலா? நான் செய்த காரியம் போய்ச் சேருகிற இடத்திலா? பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்காலிட்டு நாம் வேண்டுமென்று செய்தவற்றைத்தான் எண்ணிப் பார்க்கிறோம். கோபத்தில் சொன்ன வார்த்தை, ஆசைப்பட்டு எடுத்த காசு. நாம் நினைக்காமலே நம்மிடமிருந்து கிளம்பிப் போய் அடுத்தவர் வீட்டில் இறங்கியதை யார் கணக்கெடுப்பது?

பயப்பட வேண்டாம். அதைக் கணக்கெடுப்பவர் நம்மைத் தண்டிக்கக் காத்திருக்கும் கணக்குப்பிள்ளை இல்லை. பழைய உடன்படிக்கையில் லேவியர் நூலைத் திறந்து பாருங்கள். அறியாமல் செய்த பிழைக்கென்று தனியாகப் பலிமுறைகளே வகுக்கப்பட்டிருக்கின்றன. அறியாமல் செய்ததும் பிழைதான் என்று ஆண்டவர் ஒப்புக்கொள்கிறார். அதற்கும் மன்னிப்பின் வழியைத் தாமே முந்திக்கொண்டு செய்துவைத்திருக்கிறார்.

தோட்டக்காரர் பக்கம் வருவோம். “வேணும்னே பண்ணீட்டானுங்க சாமி.” இது அவர் சொன்னது. மரம் வாடினால் மனம் எவ்வளவு சீக்கிரம் அங்கே போய் நிற்கிறது! இன்றைய உவமையில் கோதுமைக்கு இடையே களையைக் கண்ட வேலைக்காரர்கள் ஓடிவருகிறார்கள். இது பகைவன் செய்த வேலை என்று வீட்டுத் தலைவர் சொல்கிறார். அந்தக் கதையில் உண்மையிலேயே ஒரு பகைவன் இருந்தான், எல்லாரும் தூங்கும்போது வந்தான். நம் கதையில் வந்தவர் பகலில், எல்லார் கண்ணுக்கும் முன்னால், டேங்க்கோடு வந்தவர். இவர் வீட்டுச் சீருக்கு அவர் வந்திருக்கிறார். இரண்டு பேரும் ஒரே கிணற்றில் முறைவைத்துத் தண்ணீர் கட்டியவர்கள். அலட்சியத்தைப் பகை என்று படித்துவிட்டால், அன்றைக்கே பகை முளைத்துவிடும். அலட்சியம் கெடுத்தது மரத்தை மட்டும்தான், அந்தச் சொல் கெடுப்பது இரண்டு தலைமுறையை.

இதில் மிகையில்லை. அமெரிக்காவின் ஆர்கன்சாஸ் மாநிலத்தில் 2016 அக்டோபரில் ஒரு விவசாயி சாலையோரத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். டைகம்பா என்ற களைக்கொல்லி காற்றில் வந்து தன் பயிரைக் கெடுத்தது பற்றிப் பேசப் போன இடத்தில் நடந்தது அது. சுட்டவரும் ஒரு பண்ணையில் வேலை பார்த்தவர்தான். மறைநூலில் முதல் கொலை ஒரு வயலில் நடந்தது, கொன்றவன் பயிர் செய்கிறவன். ஆபேலின் இரத்தம் மண்ணிலிருந்து கூப்பிடுவதைக் கேட்ட ஆண்டவர், அந்தச் சாலையோரத்திலும் கேட்டிருப்பார். அதே காலத்தில் பக்கத்து மிசூரி மாநிலத்தில் பீச் பழத்தோட்டம் வைத்திருந்த ஒருவர், இதே டைகம்பாவால் மரங்கள் நாசமாயின என்று நீதிமன்றம் போனார். பேயர், பி.ஏ.எஸ்.எஃப் என்ற இரு பெரிய கம்பெனிகள் 26.5 கோடி டாலர் கொடுக்க வேண்டும் என்று 2020 பிப்ரவரியில் நடுவர் குழு சொன்னது. பிறகு அந்தத் தொகை குறைக்கப்பட்டது, மேல்முறையீடு நடந்தது. அந்தக் கணக்கை விடுங்கள். ஒரே காற்று கொண்டுவந்த ஒரே வகைச் சேதம், ஒரு இடத்தில் துப்பாக்கியில் முடிந்தது, இன்னொரு இடத்தில் வழக்கு மன்றத்துக்குப் போனது. இரண்டையும் பார்க்கும்போது, நம் ஊரில் ஒரு திண்ணையில் உட்கார்ந்து பேசித் தீர்க்க முடிந்தால் அது எவ்வளவு பெரிய கொடை என்று தோன்றுகிறது.

சரி, மருந்து அடித்தவர் ஏன் அடித்தார்? இதை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இங்கேதான் நாம் எல்லோரும் உள்ளே வருகிறோம்.

ஒரு தலைமுறைக்கு முன்னால் இந்தக் காடுகளில் களைக்கொத்தும் கையுமாகப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். பேச்சும் சிரிப்பும் சண்டையுமாகக் காட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் களை எடுத்துக்கொண்டே போவார்கள். இங்கே உட்கார்ந்திருக்கிற பாட்டிமார் பலரும் அந்த வரிசையில் இருந்தவர்கள். இன்றைக்கு அந்த வரிசை எங்கே? காலை ஏழு மணிக்கு ஊர் முக்கில் வந்து நிற்கிற கம்பெனி வண்டியில் இருக்கிறது. காங்கயத்திலிருந்து, தாராபுரத்திலிருந்து, அவிநாசிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வண்டிகள் திருப்பூருக்குப் போகின்றன. பேத்தி ஓவர்லாக் தைக்கிறாள், மருமகள் செக்கிங்கில் இருக்கிறாள், இன்னொருத்தி பிசிறு வெட்டுகிறாள். ஆர்டர் நெருக்கினால் ஒன்றரை ஷிஃப்ட். வெயிலில் முதுகு ஒடிய உட்கார்ந்து களை வெட்டியதைவிட மின்விசிறிக்குக் கீழே நிற்பது மேல் என்று அவர்கள் போனதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அந்தக் கூலியில்தான் உங்கள் பிள்ளைகள் படித்தார்கள். இந்தக் கோயிலின் கூரை ஓடும் அதில் ஏறியதுதான்.

ஆனால் களை எடுக்க ஆள் இல்லாமல் போனது. ஆள் இல்லாத காட்டில் மருந்து வந்தது. அந்த மக்காச்சோளம் யாருக்கு? பெரும்பகுதி கோழித் தீவனத்துக்கு. பல்லடத்துப் பிராய்லர் பண்ணைகளை உங்களுக்குத் தெரியும். இன்று பூசை முடிந்து வீட்டுக்குப் போய் நீங்கள் வைக்கப்போகிற ஞாயிற்றுக்கிழமைக் குழம்பு வரைக்கும் அந்தக் காடு நீளுகிறது. (நானும் விதிவிலக்கு இல்லை. எனக்கும் இன்று ஒரு வீட்டிலிருந்து குழம்பு வரும்.) டேங்க் அவர் முதுகில் இருந்தது உண்மை. அதன் கனத்தில் நம் பங்கு இல்லையென்று யார் கை தூக்க முடியும்? போன ஞாயிறு இரண்டாம் வாசகத்தில், படைப்பு அனைத்தும் பேறுகால வேதனையில் தவிக்கிறது என்று தூய பவுல் எழுதியதைக் கேட்டோம். வேதனைப்படுவது படைப்பு முழுவதும் என்றால் அந்த வேதனையில் தனித்தனியாக ஒருவரைப் பிடித்துக் கூண்டில் ஏற்றுவது கடினம். இன்று தொடர்ந்து, நம்மால் சொல்ல முடியாத பெருமூச்சுகளோடு தூய ஆவியாரே நமக்காகப் பரிந்து பேசுகிறார் என்று கேட்டோம். அந்தத் தோட்டக்காரரின் வார்த்தை வராத பெருமூச்சையும், அந்தப் பக்கத்துக்காரர் சொல்லத் தெரியாமல் விழுங்கிய வருத்தத்தையும் ஆவியார் ஒரே மூச்சாகத் தந்தையிடம் கொண்டுபோகிறார் என்று நான் நம்புகிறேன்.

திருப்பூர்க்காரர்களாகிய நமக்கு இந்தப் பாடம் புதிதில்லை. காற்றில் வருவதற்கு முன்பே தண்ணீரில் நமக்கு வந்துவிட்டது.

வெள்ளியங்கிரியில் பிறந்து, கோவையைக் கடந்து, நம் ஊர் வழியாகப் போய், கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்ற ஊரருகே காவிரியில் கலக்கிறது நம் நொய்யல் ஆறு. சென்னிமலைப் பக்கம் ஒரத்துப்பாளையத்தில் அதன் குறுக்கே அணை கட்டி முடித்தது 1992இல். கீழே இருக்கிற காடுகளுக்குப் பாசனம் கொடுக்கவென்று கட்டிய அணை. அதில் வந்து தேங்கியது சாயத்தண்ணீர். பருத்தித் துணியில் சாயம் பிடிக்க மூட்டை மூட்டையாக உப்புக் கொட்டுகிறோம். துணி சாயத்தைப் பிடித்துக்கொள்ளும், உப்பைப் பிடித்துக்கொள்ளாது. அந்த உப்பு ஆற்றில் போய், அணையில் தங்கி, கிணறுகளுக்குள் ஊறியது. தென்னை காய்ப்பு விட்டது, மாடு அந்தத் தண்ணீரைக் குடிக்க மறுத்தது. அணையைத் திறந்துவிடுங்கள் என்று கேட்க வேண்டிய விவசாயிகளே, தயவுசெய்து திறந்துவிடாதீர்கள் என்று கேட்கும் நிலை வந்தது. நம் ஊரில் சாயப்பட்டறை வைத்திருந்த யாரும் அந்தத் தென்னைகளை அழிக்க நினைக்கவில்லை. அவரவர் பட்டறையில் அவரவர் சாயம் போட்டார்கள், அவ்வளவுதான். “என்ர காட்டுலதானுங்க சாமி அடிச்சேன்” என்பதை அன்றைக்கே ஊரே சொல்லிக்கொண்டிருந்தது.

ஆயக்கட்டு விவசாயிகள் கட்டை எடுக்கவில்லை. சங்கமாகச் சேர்ந்து நீதிமன்றம் போனார்கள். 2006இல் உயர் நீதிமன்றத்தில் தீர்ப்பு, 2009இல் உச்ச நீதிமன்றம், கடைசியாக 2011 ஜனவரி 28 அன்று, ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத ஏற்பாடு செய்யும்வரை சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. எழுநூறுக்கு மேற்பட்ட பட்டறைகள். அந்த மாதங்களை இங்கே இருப்பவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வாடகை கொடுக்க முடியாமல் ஊருக்குத் திரும்பியவர்கள் உண்டு. இன்று சவ்வு வைத்து வடிகட்டுகிறார்கள், மிச்ச உப்புத் தண்ணீரைக் காய்ச்சி உப்பைத் திரும்ப எடுக்கிறார்கள். முடியாது என்று சொன்ன காரியம் முடிந்தது. ஆனால் கீழ்ப்பக்கத்து மண்ணில் இறங்கிய உப்பு ஒரு தீர்ப்பு வந்ததும் வெளியேறிவிடுவதில்லை.

இறைவாக்கினர் எசேக்கியேலின் நூலில் 34ஆம் அதிகாரம் ஆயர்களைக் கடிந்துகொள்ளும் பகுதி. குருக்களாகிய எங்களுக்கு அதை வாசிக்கும்போது காது சுடும். ஆனால் பாதி வழியில் ஆண்டவர் ஆயர்களை விட்டுவிட்டு ஆடுகளின் பக்கம் திரும்புகிறார். நல்ல தண்ணீரைக் குடித்துவிட்டு மிச்சத்தைக் காலால் கலக்கி விடுகிறீர்களே, பின்னால் வரும் என் ஆடுகள் அதையா குடிக்க வேண்டும் என்று கேட்கிறார். குடித்தது குற்றம் என்று அவர் சொல்லவில்லை. வயிறு நிறைந்த பிறகு திரும்பிப் பார்க்காமல் போனதைத்தான் கேட்கிறார். அதே அதிகாரத்தில்தான், காயம் பட்டதற்குக் கட்டுப் போடுவேன், நலிந்ததைத் திடப்படுத்துவேன் என்ற வாக்குறுதியும் இருக்கிறது. கண்டிக்கிற கையும் கட்டுப் போடுகிற கையும் ஒருவருடையவை.

இப்போது என்ன செய்வது? மருந்து அடித்தவர்களே, உங்களுக்கு விடுதலைப் பயண நூலின் 22ஆம் அதிகாரத்தைச் சொல்கிறேன். ஒருவர் தன் வயலில் தீ வைக்கிறார். அது முள்வேலியைப் பிடித்துப் பக்கத்து வயலின் கதிரைக் கொளுத்திவிடுகிறது. திருச்சட்டம் அவர் மனத்தில் என்ன இருந்தது என்று துருவவில்லை. தீ வைத்தவர் ஈடு செய்யட்டும் என்று முடித்துவிடுகிறது. எனக்கு இந்தச் சட்டம் மிகவும் பிடிக்கும். இதில் அவமானம் இல்லை. நீ கெட்டவன் என்று சொல்லவில்லை. சேதம் உன்னிடமிருந்து போனது, சரிசெய்வதும் உன்னிடமிருந்து போகட்டும் என்கிறது. பக்கத்துக்காரர் வாசற்படி ஏறுவது கசப்பாக இருக்கும். பணம் மட்டும் ஈடு ஆகாது, சில இடங்களில் பணமே இருக்காது. நாலு பப்பாளிக் கன்று கொண்டுபோங்கள். இரண்டு நாள் அவர் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டிக் கொடுங்கள். எந்த மருந்து அடித்தோம், எந்தக் கடையில் வாங்கினோம் என்று மறைக்காமல் சொல்லுங்கள். அது தெரிந்தால்தான் அந்தப் பழத்தை இப்போது பறித்துச் சாப்பிடலாமா, விற்கலாமா என்று வேளாண்மை அலுவலரிடம் கேட்கவாவது முடியும். ஆண்டவர் தம் வீட்டுக்கு வந்தபோது சக்கேயு ஈடு கட்டுவதாகச் சொன்னார். மீட்பு அன்றே அந்த வீட்டுக்கு வந்தது.

இனி அடிக்கும்போது என்று ஆரம்பித்தால் நான் வேளாண் அதிகாரி ஆகிவிடுவேன். ஆனாலும் இதைச் சொல்லாமல் விட்டால் பாதி மறையுரையைத்தான் சொன்னவனாவேன். காற்று வீசும் திசையில் தோட்டம் இருந்தால் அன்றைக்கு அடிக்காதீர்கள். ஆடியில் அப்படி ஒரு நாளும் வாய்க்காவிட்டால், வேலியோரத்து வரிசைகளையாவது கையால் எடுத்துவிடுங்கள். அழுத்தம் கூட்டினால் துளி நுணுக்கமாகிப் பறக்கும். அதற்குப் பதில் களைக்கென்று உள்ள பட்டை நாசிலைப் போட்டு, மூடி மாட்டி, தரையை ஒட்டிப் பிடியுங்கள். ஆவியாகாத வகை மருந்து இருக்கிறதா என்று கடைக்காரரைக் கேளுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், நாளைக்கு அடிக்கப்போகிறேன் என்று வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். பத்துப் பைசா செலவில்லாத இந்த ஒரு வார்த்தைதான் நம் ஊரில் இப்போது குறைந்துபோயிருக்கிறது.

தோட்டக்காரர்களே, உங்களுக்குச் சொல்ல என்னிடம் சட்டம் எதுவும் இல்லை. உங்களிடம் ஒன்று கேட்கிறேன். மரத்தை உடனே வெட்டிவிடாதீர்கள். பப்பாளி ஒருவேளை பிழைக்காது. கொய்யாவும் எலுமிச்சையும் சப்போட்டாவும் வயதான மரங்கள். மருந்து லேசாகப் பட்டிருந்தால் தண்ணீர் குறையாமல் பார்த்துக்கொள்ளும்போது புதுத் துளிர் சரியாக வர வாய்ப்பு உண்டு. எது பட்டது, எது பிழைத்தது என்று தெரியும்வரை கவாத்துக்கும் அவசரம் வேண்டாம். லூக்கா நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில், காய்க்காத அத்தி மரத்தை வெட்டச் சொன்ன முதலாளியிடம் அந்தத் தோட்டத்து ஆள் இன்னும் ஓராண்டு கேட்கிறார். சுற்றிலும் கொத்தி எரு போடுகிறேன் என்கிறார். அதற்குப் பிறகு மரம் காய்த்ததா இல்லையா என்று நற்செய்தியாளர் நமக்குச் சொல்லவில்லை. எனக்கு அந்த விடுபட்ட முடிவில்தான் ஆறுதல். அந்த ஓராண்டு யாருக்கும் மறுக்கப்படவில்லை, எனக்கும் உங்களுக்கும் இப்போது ஓடிக்கொண்டிருப்பது அதே ஓராண்டுதான்.

மரத்துக்குக் கொடுக்கிற அந்த ஓராண்டைப் பக்கத்துக் காட்டுக்காரருக்கும் கொடுக்க முடியுமா? அவர் இன்னும் வந்து வருத்தம் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். சொல்ல வராமல்கூட இருக்கலாம். களையைப் பிடுங்கப் புறப்பட்ட வேலைக்காரர்களை வீட்டுத் தலைவர் நிறுத்தினார். களையோடு கோதுமையும் வேரோடு வந்துவிடும் என்பது அவர் கவலை. முதல் வாசகத்தில் சாலமோனின் ஞான நூல் அதற்கான காரணத்தைச் சொன்னது: எல்லா வல்லமையும் உடைய கடவுள் கனிவோடு தீர்ப்பளிக்கிறார், பாவம் செய்தவர்களுக்கு மனம் மாற இடம் வைக்கிறார், நேர்மையானவர் இரக்கமும் உடையவராக இருக்க வேண்டும் என்று அதன் வழியாகத் தம் மக்களுக்குக் கற்பிக்கிறார். ஈடு கேட்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. கேளுங்கள், அது உங்கள் உரிமை. தேவைப்பட்டால் அதிகாரிகளிடமும் போங்கள். ஆயக்கட்டு விவசாயிகள் போனார்கள், அதனால்தான் ஆற்றுக்கு ஒரு வழி பிறந்தது. கேட்கிற நேரத்திலும் அவரைப் பகைவன் என்று மட்டும் கூப்பிடாதீர்கள்.

கடைசியாக இன்றைய திருப்பலியைப் பற்றி ஒன்று. மலைப்பொழிவில் ஆண்டவர் சொன்னது உங்களுக்குத் தெரியும். பீடத்தில் காணிக்கை செலுத்த வரும்போது, உங்கள் சகோதரருக்கு உங்கள்மேல் மனத்தாங்கல் இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் அவரோடு போய் உறவாகிக்கொள்ளச் சொல்கிறார். நமக்கு யார்மேல் கோபம் என்று அவர் கேட்கவில்லை. யாருக்கு நம்மேல் கோபம் என்று நினைத்துப் பார்க்கச் சொல்கிறார். வேலிக்கு இந்தப் பக்கத்துக்காரர்களும் அந்தப் பக்கத்துக்காரர்களும் இந்தக் கோயிலில்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆகவே பாடகர் குழுவிடம் சொல்லியிருக்கிறேன், இன்றைக்குக் காணிக்கைப் பாட்டை இரண்டு மூன்று கண்ணி கூடுதலாகப் பாடுவார்கள். அந்த நேரத்தில் யாராவது எழுந்து இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு வெளியே வேப்பமரத்தடிக்குப் போனால் யாரும் திரும்பிப் பார்த்துப் பேச வேண்டாம், பிள்ளைகளையும் பின்னாலேயே ஓடவிட வேண்டாம். அவர்கள் வருவதற்குத் தாமதமானால் நான் பீடத்தில் காத்திருக்கிறேன். கம்பெனி வண்டி இன்றைக்கு இல்லை, யாருக்கும் அவசரமில்லை.

எழுந்து நிற்போம். நம்பிக்கை அறிக்கையைச் சேர்ந்து சொல்வோம்.